அரசரின் விண்மீனும் இடையரின் குட்டியும்: லே போ ஊரின் கிறிஸ்து பிறப்பு மரபு

தென்பிரான்சின் புரொவான்ஸ் பகுதியில், ஆர்ல் நகருக்கு வடகிழக்கே, அல்பீய் எனப்படும் சுண்ணாம்புக் குன்றுத்தொடரின் தென்விளிம்பில், சுற்றிலும் செங்குத்தாக இறங்கும் பாறைமேடை ஒன்றின் மேல் லே போ என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. செங்குத்துப் பாறையைக் குறிக்கும் 'பாவ்' என்னும் பழைய புரொவான்ஸ் சொல்லே ஊர்ப்பெயராயிற்று. 1821-இல் பியேர் பெர்த்தியே என்னும் நிலவியலாளர் இவ்வூரின் அருகில் கிடைத்த செந்நிறக் கல்லை ஆராய்ந்து, அதில் அலுமினியச் சேர்மம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்ததால், அந்தத் தாதுவுக்கு 'பாக்சைட்' என்று இவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. உலகெங்கும் உச்சரிக்கப்படும் அந்தப் பெயரோடு ஒப்பிட்டால், ஊர் மிகச் சிறியது. இடைக்காலத்தில் சில ஆயிரம் பேர் வாழ்ந்ததாகக் கருதப்படும் இடத்தில் இன்று சில நூறு பேரே குடியிருக்கின்றனர்.

இவ்வூருக்குக் கிறிஸ்து பிறப்புக் கதையோடு இரண்டு வழிகளில் உறவு உண்டு. பாறையின் உச்சியில் கோட்டை கட்டி ஆண்ட பிரபுக்கள், குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளுள் ஒருவரான பல்தசாரின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு, பெத்லகேமின் விண்மீனைக் குலச்சின்னமாகத் தரித்தனர். பாறைக்குக் கீழே விரிந்த சமவெளியில் ஆடு மேய்த்தவர்களோ, ஆண்டுதோறும் டிசம்பர் 24 நள்ளிரவில் புதிதாய் ஈன்ற குட்டியொன்றைச் சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு பங்கு ஆலயத்துக்கு வந்தனர். நற்செய்தி நூல்கள் நான்கனுள் ஞானிகளைச் சொல்பவர் மத்தேயு மட்டுமே. இடையர்களைச் சொல்பவர் லூக்கா மட்டுமே. ஆகவே கோட்டை மத்தேயுவை எடுத்துக்கொண்டது என்றும், ஆட்டுப்பட்டி லூக்காவை எடுத்துக்கொண்டது என்றும் கூறுவது மிகையாகாது. அவ்விரண்டனுள் எது எவ்வாறு நிலைத்தது என்பதே இவ்வூரின் வரலாற்றில் ஆராயத்தக்க செய்தி.

பிரபுக்களின் உரிமைகோரலை முதலில் காணலாம். மத்தேயு நூலில் ஞானிகளின் எண்ணிக்கையும் இல்லை, பெயர்களும் இல்லை. அவர்கள் அரசர்கள் என்ற குறிப்பும் இல்லை. கொண்டுவந்த காணிக்கைகள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என மூன்றாக இருந்தமையால் ஆட்களும் மூவராயினர்; 6-ஆம் நூற்றாண்டளவில் அவர்களுக்குக் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்னும் பெயர்கள் படிந்தன; பிறகு முடியும் சூட்டப்பட்டது. அவர்களுடையவை என நம்பப்பட்ட எலும்புகளை, 1164-இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவின் அமைச்சரும் கொலோன் பேராயருமான ரைனால்ட் மிலான் நகரிலிருந்து கொலோனுக்குக் கொண்டு சென்ற பின்னர், மூன்று அரசர்கள் மீதான பக்தி மேற்கு ஐரோப்பா முழுவதும் பெருகியது. போ குடும்பமும் அதே 12-ஆம் நூற்றாண்டில்தான், புரொவான்சின் ஆட்சியுரிமைக்காகப் பார்சலோனா கோமகன்களை எதிர்த்து, 1144 முதல் 1162 வரை, விட்டுவிட்டுப் போரிட்டுத் தோற்றது. அதற்குப் பின்னும் அக்குடும்பத்தின் கிளைகள் ஒராஞ்சிலும், நேப்பிள்ஸ் அரசில் தெல் பல்சோ என்ற பெயரிலும் செழித்தன. மண்ணுரிமைப் போட்டியில் பின்தங்கிய குடும்பம், வேறு எந்தக் கோமகனாலும் காட்ட முடியாத குலமூலம் ஒன்றை விரும்பியதில் வியப்பில்லை. சிவப்புப் புலத்தில் பதினாறு கதிர்கள் கொண்ட வெள்ளி விண்மீன் அவர்களுடைய சின்னமாயிற்று. போர் முழக்கத்திலும் பல்தசாரின் பெயர் ஒலித்தது. 'போ' என்ற ஊர்ப்பெயருக்கும் 'பல்தசார்' என்ற ஆட்பெயருக்கும் இடையேயான ஒலிநெருக்கம் இந்தக் கற்பனைக்குத் துணைநின்றிருக்கலாம். வரலாறு என்ற அளவில் அதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

குடும்பத்தின் நேர்வழி 1426-இல் அலிஸ் என்னும் பெண்ணோடு முடிவடைந்தது. அவர் உயிர் பிரியும் வேளையில் வானத்து விண்மீன் ஒன்று இறங்கி அறைக்குள் நின்று, மூச்சு அடங்கியதும் அணைந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. குலக்கதைகள் தொடங்கிய இடத்திலேயே முடிய விரும்பும் போலும். லே போ புரொவான்ஸ் கோமகன்களுக்கும், 1481-இல் புரொவான்சோடு சேர்ந்து பிரெஞ்சு முடிக்கும் சென்றது. கோட்டை கலகக்காரருக்குப் புகலிடமாகும் என்று அஞ்சிய பதினோராம் லூயி 1483-இல் அதைச் சிதைக்கச் செய்தார். பின்னர் அது ஓரளவு செப்பனிடப்பட்டு மீண்டும் கலகத்துக்குக் களமானதால், பதின்மூன்றாம் லூயியின் ஆட்சியில், அமைச்சர் ரிஷ்லியூவின் காலத்தில், 1632-இல் கோட்டையும் மதில்களும் தகர்க்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் லே போ ஒரு மார்க்கி பட்டமாக்கப்பட்டு மொனாக்கோவின் கிரிமால்டி குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியில் நிலவுரிமை போனாலும் பட்டம் மட்டும் எஞ்சி, இன்று மொனாக்கோவின் இளவரசுப் பட்டத்துக்குரியவருக்குச் சூட்டப்படுகிறது. இவ்வாறு மத்தேயுவின் விண்மீன் ஊராட்சியின் சின்னத்திலும், வேற்று அரச குடும்பம் ஒன்றின் பட்டவரிசையிலும் மட்டுமே ஒளிர்கிறது.

கோட்டைக்கு நேர்ந்த அழிவு ஆலயத்துக்கு நேரவில்லை. புனித வின்சென்ட் ஆலயம் ஊரின் நடுவே, தன் பெயரையே கொண்ட சிறு சதுக்கத்தில், பாதி கட்டடமாகவும் பாதி குகையாகவும் நிற்கிறது. நடுக்கூடம் 12-ஆம் நூற்றாண்டு ரோமானெஸ்க் பாணியிலானது; அதாவது தடித்த சுவர், சிறு சாளரம், பீப்பாயைக் குறுக்கே வெட்டிக் கவிழ்த்தாற்போன்ற கல்வளைவுக் கூரை ஆகியவற்றை உடையது. தென்புறத்தில் ஆலயம் பாறைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அங்குள்ள சிற்றாலயங்களைக் கொத்தனார்கள் கட்டவில்லை, கல்லுளியால் குடைந்து எடுத்தனர். வடபுறத்தில் இடைக்காலத்தின் இறுதிக்குரிய கோதிக் வேலைப்பாட்டுடன் மான்வில் என்னும் செல்வக் குடும்பத்தின் சிற்றாலயம் சேர்ந்தது. வெளியே, சுவரை ஒட்டி மேலெழும் உருண்டைச் சிறுகோபுரம் 'இறந்தோர் விளக்கு' எனப்படுகிறது. ஊரில் ஒருவர் இறந்தால் அதில் சுடர் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. பாதுகாவலரான வின்சென்ட், 304-ஆம் ஆண்டளவில் தியோக்கிளீசியப் பேரரசரின் துன்புறுத்தலில் கொல்லப்பட்ட ஸ்பெயின் நாட்டுத் திருத்தொண்டர். திராட்சை பயிரிடுவோர் அவரைத் தங்களுக்குரியவராகக் கொண்டாடுகின்றனர். கீழே பள்ளத்தாக்கில் இன்றும் திராட்சைத் தோட்டங்கள் இருப்பதால் அந்தத் தேர்வு இயல்பானதே. ஆயினும் இந்த ஆலயத்தின் பெயரைப் பரப்பியவர்கள் திராட்சை வேளாளர் அல்லர், இடையர்களே.

இடையர் சடங்கின் பெயர் 'பாஸ்த்ராஜ்'. புரொவான்ஸ் மொழியில் 'பாஸ்த்ரே' என்றால் ஆடு மேய்ப்பவர். 'பாஸ்த்ராஜ்' என்பது அவர்கள் நள்ளிரவுத் திருப்பலியில் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாகக் கொணரும் வழிபாட்டுச் செயல். இதைப் புரிந்துகொள்ள அல்பீய்க் குன்றுகளின் தெற்கே பரவியிருக்கும் க்ரோ சமவெளியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். துயுரான்ஸ் ஆறு முற்காலத்தில் வேறு வழியாக ஓடிக் கடலில் கலந்தபோது குவித்துவிட்டுச் சென்ற உருளைக் கற்களே அந்நிலத்தின் தரை. ஏர் இறங்காது, மரம் நிலைக்காது, கற்களின் இடுக்கில் முளைக்கும் புல் மட்டுமே உண்டு. அந்தப் புல்லுக்கென்றே மனிதர் அங்கு வாழ்ந்தனர் என்பதற்கு, உரோமர் காலத்து நீண்ட ஆட்டுக்கொட்டில்களின் அடித்தளங்கள் பெருந்தொகையாக அகழ்ந்தெடுக்கப்பட்டிருப்பதே சான்று.

கோடையில் அந்தக் கல்வெளி காய்ந்து கருகும். ஆகவே ஜூன் மாதத்தில் மந்தைகள் ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளுக்கு ஏறி, அக்டோபரில் திரும்பும். பருவந்தோறும் மந்தையை நெடுந்தொலைவு இடம்பெயர்க்கும் இந்த முறைக்குப் பிரெஞ்சில் 'த்ரான்சுமான்ஸ்' என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருப்புப்பாதை வரும்வரை அந்தப் பயணம் முழுவதும் கால்நடையாகவே, 'கரேர்' எனப்பட்ட ஆட்டுப்பாதைகள் வழியாக, தலைமை இடையரான 'பைல்' என்பவரின் கட்டளைப்படி நிகழ்ந்தது. பின்னர் தொடர்வண்டியும் அதன் பின்னர் லாரியும் ஆடுகளைச் சுமந்தன. இம்மந்தைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆர்ல் மெரினோ என்னும் இனத்தைச் சேர்ந்தவை. உள்ளூர் ஆடுகளோடு ஸ்பெயினின் நுண்கம்பளி மெரினோ கிடாய்களைச் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட இனம் அது. வளர்ப்போர் இந்த ஆடுகளின் முதன்மை ஈற்றுப் பருவத்தை, மலையிலிருந்து திரும்பிய பின்வரும் இலையுதிர்காலத்தில் அமைத்துக்கொள்கின்றனர். வடக்கு ஐரோப்பாவில் ஆடுகள் இளவேனிலில் ஈனுவதே பெரும்பான்மை. அங்கே டிசம்பர் இறுதியில் பச்சிளங்குட்டி அரிது. க்ரோ சமவெளியிலோ அந்த மாதத்தில் எல்லாப் பட்டியிலும் குட்டிகள் நிறைந்திருக்கும். பாஸ்த்ராஜ் ஏன் இந்த மண்ணில் வேரூன்றிற்று என்ற வினாவுக்குப் பக்தியைக் காரணமாகச் சொல்பவர்கள், ஈற்றுப் பருவத்தையும் உடன் சொல்ல வேண்டும்.

சடங்கின் வழிபாட்டு மூதாதையைத் தேடினால் 11-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்துக்குச் செல்ல நேரும். உயிர்ப்பு விழாவின்போது, கல்லறைக்கு வந்த பெண்களிடம் வானதூதர் யாரைத் தேடுகிறீர்கள் என்று வினவுவதாக அமைந்த சிறிய பாட்டுரையாடல் ஒன்று பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முன்பே வழங்கி வந்தது. அதே வினா கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மாற்றப்பட்டபோது, தேடி வருபவர்கள் இடையர்களாயினர், தேடப்படும் இடம் கல்லறைக்குப் பதில் தீவனத்தொட்டியாயிற்று. 'இடையர் வழிபாடு' எனப்பட்ட இந்த இலத்தீன் நாடகச் சடங்கு, நார்மண்டியின் ரூவான் பேராலயத்தில் மிக விரிவாக வளர்ந்தது. பீடத்துக்குப் பின்னே குடில் அமைத்து, உயரத்திலிருந்து சிறுவன் ஒருவன் வானதூதனாக நற்செய்தி அறிவிக்க, இடையராக வேடமிட்ட குருக்கள் பாடகர்பகுதி வழியாக வந்து குடிலை அடைவர். அங்கே பேறுகால மருத்துவச்சிகளாக நிற்கும் குருக்கள் இருவர் அவர்களை வினவித் திரையை விலக்குவர். கவனிக்கத்தக்கது என்னவென்றால், ரூவானில் இடையராக வந்தவர்கள் குருக்கள். லே போவில் இடையராக வருபவர்களோ இடையர்களே.

இவ்விடத்தில் 1223-ஆம் ஆண்டின் கிரெச்சோ நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது; உலகின் உயிருள்ள குடில்கள் யாவும் அதிலிருந்தே பிறந்தன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இத்தாலியின் ரியெத்தி பள்ளத்தாக்கிலுள்ள கிரெச்சோ என்னும் மலையூரில், அசிசி நகர்ப் பிரான்சிஸ் அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில், அவ்வூர்ப் பிரபுவாகிய ஜியோவானியின் துணையோடு, தீவனத்தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமைக் கண்முன் நிறுத்தினார். ஆனால் அதை எழுதிவைத்தவர்களுள் முதல்வரான செலானோ ஊர்த் தோமா, 1228–29 அளவில் இயற்றிய வாழ்க்கை வரலாற்றில், மரியாவாக ஒரு பெண்ணோ, யோசேப்பாக ஓர் ஆணோ, குழந்தையோ இருந்ததாகக் கூறவில்லை. தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேறியது, திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார், பக்தர் ஒருவருக்கு மட்டும் தொட்டியில் குழந்தை கிடப்பது போன்ற காட்சி தோன்றியது, அவ்வளவே. மாடும் கழுதையும்கூட நற்செய்தியில் இல்லாதவை. தன் உடைமையாளரின் தொட்டியை அவை அறியும் என்ற எசாயா இறைவாக்கினரின் சொல்லிலிருந்து மரபு அவற்றைக் குடிலுக்குள் ஓட்டிவந்தது. ஆகவே கிரெச்சோவை நடிப்பின் தொடக்கமாகக் கொள்வதைவிட, தீவனத்தொட்டியையும் பீடத்தையும் ஒன்றாகப் பார்த்த பார்வையின் தொடக்கமாகக் கொள்வதே பொருந்தும்; உணவு வைக்கும் இடத்தில் கிடந்த குழந்தையே பீடத்தின் அப்பமாகிறது என்பது அதன் உட்பொருள். இந்தப் பார்வை இல்லாவிடில், குட்டியைக் கொண்டுவருபவர்கள் குடிலோடு நின்றுவிடாமல் பீடம்வரை வருவது ஏன் என்பது விளங்காது.

லே போவின் நள்ளிரவுத் திருப்பலியில் ஊர்க்குடும்பம் ஒன்று குழந்தையோடு திருக்குடும்பமாக அமர, உயிருள்ள குடில் ஆலயத்துக்குள் அமைகிறது. காணிக்கை வேளை வரும்போது, பீடத்தின் பக்கமிருந்து வானதூதரின் குரல் இடையர்களை அழைக்கிறது. வாயிலிலிருந்து கலுபே என்னும் மூன்று துளைக் குழலும், தம்பூரன் என்னும் நீண்டு ஒடுங்கிய முரசும் ஒலிக்கின்றன. இடக்கையால் குழலைப் பிடித்து வாசித்துக்கொண்டே வலக்கைக் குச்சியால் முரசைத் தட்டும் ஒரே கலைஞரின் வேலை அது. தடித்த கம்பளி மேலங்கி அணிந்த இடையர்களும், ஆர்ல் வட்டார உடையும் தலையணியும் பூண்ட பெண்களும் தொடர்ந்து வர, அவர்களிடையே, பசுந்தழையாலும் நாடாவாலும் எரியும் மெழுகுவர்த்திகளாலும் அணிசெய்யப்பட்ட சிறு இருசக்கர வண்டியை ஒரு கிடாய் இழுத்து வருகிறது. வண்டிக்குள் வெள்ளைக் குட்டி. முன்னே வந்த இடையர் மண்டியிட்டு, குட்டியைக் கையில் எடுத்துக் குருவிடம் காட்டிக் காணிக்கையாக்குகிறார். வண்டி ஆண்டின் பிற நாட்களில் ஆலயத்திலேயே வைக்கப்பட்டிருப்பதால், கோடையில் வரும் பயணிகளும் அதைக் காணலாம். ஆயினும் கிடாயும் சுடரும் இல்லாத வண்டி ஒரு விளையாட்டுப் பொருளைப் போலவே தோன்றும்.

பழைய திருச்சபை வழக்கில் காணிக்கை என்பது பணம் அன்று. விசுவாசிகள் அப்பம், திராட்சை இரசம், எண்ணெய், விளைபொருள் ஆகியவற்றைத் தாங்களே பீடத்துக்குக் கொணர்ந்தனர். நாணயம் அதை ஒதுக்கிய பின்பும், தொழில் வழியாக இணைந்த குழுக்கள் ஆண்டுக்கொருமுறை தத்தம் தொழிலின் முதற்பொருளைக் கொணரும் வழக்கம் சில இடங்களில் எஞ்சியது. லே போவின் குட்டி அத்தகைய எச்சம் எனக் கொள்ள இடமுண்டு. நாடகம் போலத் தோன்றினாலும் இதில் நாடகத்துக்குரிய இன்றியமையாக் கூறு ஒன்று இல்லை. கொடுப்பவர் வேறொருவராக நடிக்கவில்லை, கொடுக்கப்படுவதும் உண்மையானது. அருகிலுள்ள பல ஊர்களும் பாஸ்த்ராஜ் நடத்துகின்றன என்றாலும், பாறைக்குள் குடைந்த ஆலயம் என்ற சூழல், தொழுவத்தைக் குகையாகக் காட்டும் கிழக்குத் திருச்சபையின் பழைய ஓவிய மரபை நினைவூட்டும் தற்செயலான சிறப்பை லே போவுக்கு மட்டும் அளித்திருக்கிறது.

சடங்கின் மொழி தனியே கருதத்தக்கது. 1539-இன் வில்லேர்-கொத்தரே ஆணை அரசு ஆவணங்கள் யாவும் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று விதித்த பின்னர், தென்பகுதியில் பிரெஞ்சு அதிகாரத்தின் மொழியாயிற்று. வீட்டிலும் வயலிலும் பேசிய மொழி புரொவான்சாகவே நீடித்தது. அந்தப் பிளவு கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்குள்ளும் நுழைந்தது. தெற்குப் பிரான்சின் உரையாடற் பாடல்கள் பலவற்றில் வானதூதர் பிரெஞ்சில் அறிவிக்கிறார், இடையர் தாய்மொழியில் மறுமொழி கூறுகிறார். விண்ணகத்துக்கும் அலுவலகத்துக்கும் மொழி ஒன்றாகவே இருந்தது போலும். மோந்தே ஊரில் பிறந்து அவிஞோனில் ஆலய இசைத்தலைவராக விளங்கிய நிக்கொலா சபோலி (1614–1675) புரொவான்ஸ் மொழியில் இயற்றிய கிறிஸ்து பிறப்புப் பாடல்கள், இடையர்களின் வாய்ப்பேச்சையும் கேலியையும் இசைக்குள் கொண்டுவந்து, இன்றுவரை அப்பகுதி முழுவதும் பாடப்படுகின்றன. திருப்பலி இலத்தீனில் இருந்த நூற்றாண்டுகளில், அந்த இரவில் மக்களுக்கு முழுதும் விளங்கிய சொற்கள் இடையர்களுடையவை மட்டுமே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960-களில் திருப்பலி பிரெஞ்சுக்கு மாறியதும் நிலைமை தலைகீழாயிற்று. வழிபாடு விளங்கியது, இடையர்களின் மொழிதான் கூடியிருந்தோரில் மிகப் பலருக்கு விளங்காமற் போயிற்று.

பாஸ்த்ராஜ் அறாத மரபு என்று சொல்லப்படுவதை எச்சரிக்கையோடே ஏற்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் லே போ சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் காற்றையும் உணர்ந்தது. மான்வில் குடும்பத்தார் 1571-இல் கட்டிய மாளிகை இன்று ஊராட்சி மன்றமாக உள்ளது. அதை ஒட்டி நிற்கும் சீர்திருத்தச் சபைக் கூடத்தின் எஞ்சிய சாளரத்தின் மேல், 'இருளுக்குப் பின் ஒளி' என்று பொருள்படும் ஜெனீவா சீர்திருத்தவாதிகளின் இலத்தீன் வாசகம் அந்த ஆண்டோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. திருப்பலியையே மறுத்தவர்கள் அதில் குட்டியைக் காணிக்கையாக்குவதை விரும்பியிருக்க மாட்டார்கள். அடுத்து வந்த பெரிய முறிவு புரட்சி. 1793 இறுதியில் கிறிஸ்தவ நீக்க இயக்கம் உச்சமடைந்தபோது பிரான்சின் ஆலயங்கள் மூடப்பட்டன, நள்ளிரவுத் திருப்பலி நின்றது, பொதுக் குடில்கள் மறைந்தன. 1801-இல் நெப்போலியன் திருத்தந்தையோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகே வழிபாடு ஒழுங்காக மீண்டது.

ஆலயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடில் வீட்டுக்குள் புகுந்தது. மார்செய் நகரின் ஜான்-லூயி லஞெல் (1764–1822) என்னும் கைவினைஞர் சுண்ணச்சாந்து அச்சில் களிமண்ணை அழுத்தி, ஏழை வீடுகளும் வாங்கும் விலையில் சிறு உருவங்களைச் செய்தார். 'சிறிய புனிதர்' என்னும் பொருளில் 'சாந்தோன்' எனப்பட்ட அவ்வுருவங்களுக்கென மார்செயில் 1803-இல் சந்தையே தொடங்கிற்று. அந்தக் குடிலில் திருக்குடும்பத்தைச் சுற்றி நிற்பவர்கள் பெத்லகேம் மக்கள் அல்லர்; மாவு மில்காரர், மீன்காரி, கத்தி சாணை பிடிப்பவர், விறகு சுமக்கும் கிழவி, தம்பூரன் வாசிப்பவர் எனப் புரொவான்ஸ் ஊர் ஒன்று முழுதாகவே அங்கு கூடி, ஒவ்வொருவரும் தத்தம் தொழிலின் பொருளைக் காணிக்கையாக ஏந்தி நிற்கின்றனர். இடையரின் தோளில் ஆட்டுக்குட்டி கிடக்கிறது. அரசர் மூவரும் ஜனவரி 6-ஆம் நாளாகிய மூன்று ராசாக்கள் திருநாளன்றே குடிலை அடைவது வழக்கம். பல்தசாரின் மரபினர் என்று சொல்லிக்கொண்டவர்களின் ஊரிலும் அவருக்கு முன்னே இடையர் வந்து சேர்ந்துவிடுகிறார். 1844-இல் மார்செயில் அந்துவான் மொரேல் எழுதிய மேடை நாடகம் இதே மாந்தரைப் பேசவும் ஆடவும் வைத்தது. மண்ணுருவம் மேடைக்கு வந்தது, மேடையுருவம் மீண்டும் மண்ணுக்குச் சென்றது. அவ்விரண்டின் உடையும் நடையும் ஆலயச் சடங்கின் மீதும் படிந்தன.

இன்று காணும் பாஸ்த்ராஜின் தோற்றத்தில் எவ்வளவு பழமை, எவ்வளவு 19-ஆம் நூற்றாண்டின் திருத்தம் என்ற ஐயம் எழுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிரெடெரிக் மிஸ்த்ரால் உள்ளிட்ட கவிஞர் எழுவர் 1854-இல் நிறுவிய ஃபெலிப்ரிஜ் இயக்கம், புரொவான்ஸ் மொழியையும் வழக்கங்களையும் காப்பதைக் கடமையாக மேற்கொண்டது. மிஸ்த்ரால் 1899-இல் ஆர்லில் திறந்த இனவரைவியல் அருங்காட்சியகத்தில் கிறிஸ்து பிறப்பு முன்னிரவின் விருந்தும் முழு உருவப் பொம்மைகளால் காட்சியாக்கப்பட்டது. 1904-இல் கிடைத்த நொபெல் பரிசுத் தொகையையும் அவர் அந்த அருங்காட்சியகத்துக்கே செலவிட்டார். காக்கப்படும் வழக்கம் செம்மைப்படுத்தவும் படும். பெண்களின் உடை எல்லா ஊர்களிலும் ஒரே நேர்த்தியில் காணப்படுவதும், நிகழ்ச்சி ஒழுங்கு ஒரே வடிவம் கொண்டிருப்பதும் அந்த இயக்கத்தின் கைத்தடங்கள் என்றே கருத வேண்டும். மேலங்கியையும் குட்டியையும் எந்த இயக்கமும் வழங்கவில்லை. அவை பட்டியிலிருந்தே வந்தன.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லே போ பெரும்பாலும் இடிபாடாகவே இருந்தது. பின்னர் சுற்றுலா அதை மீட்டது. இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 1960-களில் மொனாக்கோவின் மூன்றாம் ரெய்னியர், கண்ணாடி ஓவியர் மாக்ஸ் ஆங்ரான் செய்த வண்ணச் சாளரங்களை ஆலயத்துக்கு அளித்தது, பட்டத்துக்குரிய குடும்பம் ஊருக்குச் செய்த மரியாதை. எதிரேயுள்ள வெண்ணுடைத் தவத்தோர் சிற்றாலயத்தில் (இறந்தோரை அடக்கம் செய்தல் முதலிய அறப்பணி புரிந்த பொதுநிலையினர் சங்கத்துக்குரிய 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அது) ஓவியர் ஈவ் பிரேயர் 1974-இல் சுவரோவியங்கள் தீட்டினார். அவற்றில் கிறிஸ்து பிறப்பு லே போவின் பாறைகளுக்கிடையே நிகழ்கிறது, வணங்குபவர்கள் க்ரோ இடையர்கள். விண்மீன் கோட்டைக்கு மட்டும் உரியதாக இருந்த காலத்தில் அத்தகைய ஓவியம் வேறு எவரையோ முன்னணியில் நிறுத்தியிருக்கும்.

சட்டமும் இந்த மரபின் எல்லையில் நிற்கிறது. 1905-இன் சட்டம் பிரான்சில் அரசையும் சமயத்தையும் பிரித்ததோடு, அதற்கு முன் கட்டப்பட்ட பங்கு ஆலயங்கள் ஊராட்சிகளின் உடைமையாகவும் வழிபாட்டுரிமை திருச்சபைக்குரியதாகவும் அமைய வழிசெய்தது. பொது அலுவலகங்களில் குடில் வைக்கலாமா என்ற வழக்கில் 2016 நவம்பரில் தீர்ப்பளித்த பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம், சமயத்தை ஏற்றுப் போற்றும் பொருள் இல்லாது பண்பாட்டு அல்லது விழாத் தன்மை மட்டும் இருந்தால் வைக்கலாம் என்றும், அதைத் தீர்மானிக்கையில் உள்ளூர் வழக்கத்தையும் கருத வேண்டும் என்றும் கூறிற்று. ஆலயத்துக்குள் நிகழும் பாஸ்த்ராஜை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஆனால் அது வகுத்த பிரிவினையை இந்தச் சடங்கில் எங்கே பொருத்துவது என்பது எளிதன்று. வந்திருப்பவருள் ஒருவர் செபத்துக்கும் மற்றொருவர் படம் எடுக்கவும் நிற்க, இருவருக்கும் இடையே அதே கிடாய்தான் நடந்து செல்கிறது.

2023 டிசம்பரில் த்ரான்சுமான்ஸ் முறை, பிரான்சையும் சேர்த்துப் பல நாடுகளின் பெயரில், யுனெஸ்கோவின் தொட்டுணர இயலா மரபுச்செல்வப் பட்டியலில் விரிவாக்கிப் பதியப்பட்டது. க்ரோ மந்தைகள் இன்றும் ஜூனில் மலையேறி அக்டோபரில் திரும்புகின்றன. ஈற்றுப் பருவமும் மாறவில்லை. பச்சிளங்குட்டி தாயின் பாலின்றி நெடுநேரம் தாங்காது; ஆகவே திருப்பலி முடிந்து மெழுகுவர்த்திகள் அணைந்ததும், வண்டி ஆலயத்தில் தன் இடத்துக்குத் திரும்ப, குட்டியை மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டு, இருளோடு இருளாகப் பட்டிக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது.